மிச்சம் மீதி சீஸும் ஒரு பூண்டுப் பல்லும்: ஃப்ரோமாஜ் ஃபோர் கேள்வி-பதில்

மிஞ்சிய சீஸ் துண்டுகளைப் பூண்டும் ஒயினும் சேர்த்து அரைக்கும் பிரெஞ்சு சீஸ் விழுதுதான் ஃப்ரோமாஜ் ஃபோர். அதைப் பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி வருகிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சரியான அளவு என்ன? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

எல்லோர் சொல்வதும் சரிதான். பிரான்ஸின் லியோன், பர்கண்டி பக்கத்து வீடுகளில் மீந்துபோன சீஸ் துண்டுகளை வீணாக்காமல் இருக்கச் செய்த பண்டம் இது, அன்றைக்கு என்ன மிஞ்சியதோ அதுதான் செய்முறை. ஆனாலும் முதல் தடவைக்கு ஒரு பிடிமானம் வேண்டுமே: 225 கிராம் சீஸ், கால் கப் டிரை வொயிட் ஒயின் (இனிப்பில்லாத வெள்ளை ஒயின்), ஒரு பல் பூண்டு, கொஞ்சம் மிளகுத் தூள். மிக்ஸியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி அரையுங்கள், மொத்தம் முக்கால் நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும், பெரும்பாலும் தேவையே இருக்காது.

நான் கறாராக இருப்பது ஒரே விஷயத்தில். பாதியாவது மென்மையான சீஸாக இருக்கட்டும், அதாவது ப்ரீ, கமாம்பேர், ஆட்டுப்பால் சீஸ் மாதிரி. ரோக்ஃபோர் போன்ற நீலப் பூஞ்சை சீஸ் இருந்தால் ஒரு சுண்டைக்காய் அளவு போதும். ஒருமுறை தூக்கிப் போட மனசு வராமல் கையிலிருந்த ரோக்ஃபோர் முழுவதையும் போட்டு அரைத்தேன், அதிலிருந்த நல்ல கோம்தே (பிரான்ஸின் ஒரு கட்டி சீஸ்) இருந்த இடம் தெரியவில்லை, ஃப்ரிட்ஜில் இருந்த தயிர்கூட மூன்று நாள் அதே வாடை.

எனக்கு மணல் மணலாக வந்தது. ஏன்?

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு அரைத்திருப்பீர்கள், இல்லாவிட்டால் பார்மேசான் மாதிரி காய்ந்த சீஸ் கூடிப்போயிருக்கும். நாள்பட்ட சீஸில் ஈரம் குறைவு, சும்மா அரைத்தால் துகளாகத்தான் நிற்கும். முதலில் துருவிக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் வெளியே வையுங்கள், அப்புறம் ஒரு ஸ்பூன் வெண்ணெய் சேர்த்து அரைத்துப் பாருங்கள். ப்ரீயின் வெள்ளைத் தோலை அப்படியே போடலாம். மெழுகுப் பூச்சை உரித்துவிட வேண்டும். பார்மேசானின் கட்டித் தோல் மிக்ஸி பிளேடுக்கு எமன், அதை சூப்பில் போட்டுக் கொதிக்க விடுங்கள்.

வீட்டில் ஒயின் புழங்குவதில்லை.

பரவாயில்லை. காய்கறி வேகவைத்த தண்ணீரும் சில சொட்டு எலுமிச்சையும் போதும். அமெரிக்காவில் இந்தப் பண்டத்தைப் பிரபலமாக்கிய சமையல்காரர் ஷாக் பெபான், தன் அப்பா ஒயினோடு அம்மா வைத்த லீக் (வெங்காயத்தாள் மாதிரி ஒன்று) சாறையும் சேர்ப்பார் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கலவை குளிர்ந்த நிலவறையில் ஒரு வாரத்துக்கு மேல் ஊறுமாம். அப்படி ஊறி நெடி ஏறியதால்தான் ‘ஃபோர்’, அதாவது வலுத்தது, என்று பெயர். அதைப் பார்த்துவிட்டு நம் ஊர்ச் சமையலறை மேடையில் ஊற வைத்துவிடாதீர்கள், சாமி! ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும்.

பூஞ்சை பிடித்த துண்டைச் சேர்க்கலாமா?

செடார் போன்ற கட்டி சீஸ் என்றால் பூஞ்சையைச் சுற்றியும் அடியிலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடலாம், கத்தி பூஞ்சையில் படாமல். மென்மையான சீஸில் புதிதாகப் பூஞ்சை வந்தால் முழுசாகக் குப்பைக்கு. கர்ப்பிணிகளுக்கு ப்ரீ, நீல சீஸ் வகைகளே வேண்டாம், லிஸ்டீரியா என்ற கிருமி ஆபத்து உண்டு.

நாங்கள் சைவம். சீஸ் எல்லாமே சைவம்தானே?

இல்லை. கோம்தே, பார்மிஜானோ ரெஜ்ஜானோ (அசல் பார்மேசான்) இரண்டிலும் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்க்கிறார்கள். இந்திய பாக்கெட் என்றால் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள்.

க்யூப் சீஸ் மட்டும்தான் இருக்கிறது...

அதில் ஏற்கெனவே சீஸை உருக்கிக் குழைக்கும் உப்புகள் இருக்கின்றன, வழவழப்பு வரும், குணம் வராது. நல்ல சீஸோடு ஒன்றிரண்டு க்யூப் சேர்க்கலாம்.

எத்தனை நாள் தாங்கும்? எதோடு சாப்பிடுவது?

மூடி வைத்தால் ஒரு வாரம், பூண்டு வாசம் இரண்டாம் நாள்தான் சீஸில் சரியாக இறங்கும். அதிகம் இருந்தால் ஃப்ரீசரில் போடுங்கள். பிரெட் துண்டுகளில் கனமாகத் தடவி கிரில்லுக்கு அடியில் வைத்து, ஓரம் கொப்பளித்து அங்கங்கே பழுப்பேறும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், நகர்ந்தால் கரிந்துவிடும்.