பூங்காவில் பொறுக்கிய செஸ்நட் கொட்டையிலிருந்து சிவப்புப் பூ மரம் வளர்க்க முடியுமா?

முடியும். "விதையில் வந்தது தாய் மரம் போலப் பூக்காது, ஒட்டுக்கன்று வாங்குங்கள்" என்று சொல்ல இங்கே எப்படியும் நாலு பேர் வருவார்கள். என் மச்சானும் அதைத்தான் சொன்னார். கென்ட்டில் அவர் வீட்டுப் பின்பக்கம் மே மாதமானால் சிவப்பாகப் பூத்து நிற்கும் மரம் நான் கொட்டை போட்டு முளைக்க வைத்தது.

நீங்களும் இங்கிலாந்தில்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எந்த மரத்தடியில் பொறுக்கினீர்கள்? பூங்காக்களில் அதிகம் நிற்பது வெள்ளைப் பூ ஹார்ஸ் செஸ்நட். லண்டன் புஷி பார்க்கில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் திட்டப்படி 1699-இல் வைக்க ஆரம்பித்த சாலை மரங்களும் அந்த வகைதான். அதில் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். சிவப்பு மரம் அந்த வெள்ளைப் பூ மரத்துக்கும், அதன் உறவான அமெரிக்கச் சிவப்பு பக்கை (red buckeye) மரத்துக்கும் பிறந்த கலப்பினம். கலப்பினத்தின் விதை தாயைப் போல வராது என்பது பொதுவாகச் சரி. ஆனால் இந்த மரத்தில் குரோமோசோம் 40-லிருந்து 80 ஆகி நிலைத்துவிட்டதால், கன்றுகள் பெரும்பாலும் சிவப்பாகவே பூக்கும். சாயல் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். தாவரவியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், 'பெரும்பாலும்' என்றுதான் சொல்கிறேன்.

கொட்டையைக் காயவிடக் கூடாது. பளபளவென்று இருக்கிறதே என அலமாரியில் வைத்து வசந்தத்தில் நட்டால் ஒன்றும் வராது. நான் பொறுக்கி வந்ததும் வாளித் தண்ணீரில் போட்டு, மிதந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, மூழ்கியதை மட்டும் ஆழமான தொட்டியில் வெளிறிய தழும்பு கீழே இருக்கும்படி புதைத்தேன். மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் போதும். மூன்று நான்கு மாதக் குளிர் பட்டால்தான் முளைக்கும் என்பதால் தொட்டி வெளியிலேயே இருக்கட்டும். என் மாமியார் பாவம் பார்த்து அதை ஹீட்டர் பக்கம் கொண்டுபோகப் பார்த்தார், தடுத்துவிட்டேன். அணில் தோண்டாமலிருக்கக் கம்பி வலையும் அதன்மேல் செங்கல்லும் வையுங்கள். ஆணிவேர் வேகமாக இறங்கும், தொட்டியிலேயே வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாது.

எங்கள் தோட்டம் கையகலம். அதனால்தான் கன்று மச்சான் வீட்டுக்குப் போனது. வாங்கும்போதே "வேர் வீட்டைத் தூக்கிடும், பூவும் வராது" என்றார். வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் வைக்கச் சொன்னேன். பூக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது, உண்மைதான். இப்போது விருந்தாளி வந்தால் "நான் வளர்த்த மரம்" என்கிறார். சரி, போகட்டும்.

இன்னொரு லாபம்: 2002-இல் விம்பிள்டனில் முதலில் தென்பட்ட இலைத்துளைப்பான் புழு வெள்ளை மரங்களைக் கோடை முடியுமுன்பே பழுப்பாக்கிவிடுகிறது. சிவப்பை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. எங்கள் தெருவில் அந்தச் சருகை வாருவதே பெரிய வேலை. கவுன்சில் வரியும் வாங்கிக்கொண்டு, தோட்டக் குப்பைத் தொட்டிக்குத் தனியாக வருடச் சந்தாவும் கேட்கிறார்கள். மரம் தெருவில் நிற்கிறது, சருகு என் வாசலில், காசும் என்னுடையது. இதை யாரிடம் கேட்பது?

அப்புறம், இந்தக் கொட்டையை வறுத்துத் தின்றுவிடாதீர்கள், விஷம். தின்னும் செஸ்நட்டின் மேலோட்டில் மெல்லிய முள் அடர்த்தியாக இருக்கும். இதில் குட்டை முள் அங்கொன்று இங்கொன்று, சிவப்பு வகையில் சிலவற்றில் அதுவும் இருக்காது.