நாலு வொர்க்கருக்கும் ஒரே கேச் வேண்டுமென்றால்

வணக்கம். விலையை மாற்றியபின் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் ஒருமுறை புது விலை, அடுத்தமுறை பழைய விலை வருகிறது என்றீர்கள். உங்கள் தளத்தை ஓட்டும் சர்வரான கூனிகார்னில் நாலு வொர்க்கர் (ரிக்வெஸ்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் தனித்தனி பிராசஸ்கள்). பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் கேச் (ஒருமுறை எடுத்த தரவைத் திரும்பப் பயன்படுத்த வைக்கும் இடம்) செட்டிங்கை நீங்கள் தொடவே இல்லை. சிக்கல் அங்கேதான்.

ஜாங்கோ தானாக எடுத்துக்கொள்வது லோக்மெம் கேச். அது அந்தந்த பிராசஸின் மெமரிக்குள்ளேயே இருக்கும். ஆக, உங்களிடம் இருப்பது நாலு தனித்தனி கேச். விலையை மாற்றும்போது கேச்சிலிருந்து நீங்கள் டெலீட் செய்தது அந்த ரிக்வெஸ்ட் போய்ச் சேர்ந்த வொர்க்கரில் மட்டும். மற்ற மூன்றும் டைம்அவுட் ஆகும்வரை (நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் 300 விநாடி) பழையதையே காட்டும். குளோபல் டிக்‌ஷனரியில் வைத்தாலும் இதே கதைதான். ப்ரீலோடும் (வொர்க்கர்கள் பிரியும் முன்பே ஆப்பை ஒருமுறை ஏற்றுவது) உதவாது; ஃபோர்க் ஆனபின், அதாவது வொர்க்கர்கள் தனி நகல்களாகப் பிரிந்தபின், ஒரு வொர்க்கர் எழுதுவது இன்னொன்றுக்குத் தெரியாது.

எல்லா வொர்க்கருக்கும் பொதுவாக, தனியே ஓடி மெமரியில் தரவை வைக்கும் ரெடிஸுக்கு மாறிவிடுங்கள். ஜாங்கோ 4.0 முதல் அதற்கான பேக்எண்ட் உள்ளேயே வருகிறது. ரெடிஸ்-பை என்ற பைத்தான் லைப்ரரியை நிறுவி, செட்டிங்ஸில் பேக்எண்டையும் முகவரியையும் மாற்றினால் போதும், மற்ற கோடு அப்படியே இருக்கட்டும். தயவுசெய்து ரெடிஸின் 6379 போர்ட்டை வெளியே திறந்து வைக்காதீர்கள்.

விலைப் பட்டியல் தயாராக எட்டு விநாடி ஆகிறது என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. கேச் காலாவதியான நொடியில் நாலு வொர்க்கரும் அதே குவெரியை ஒன்றாக ஓட்டும். கேச்சின் ‘ஆட்’ ஃபங்ஷனைப் பூட்டாகப் பயன்படுத்துங்கள்: கீ ஏற்கெனவே இருந்தால் ஃபால்ஸ் தரும், ஒருவர்தான் உள்ளே போக முடியும். அந்தப் பூட்டுக்கு 30 விநாடி டைம்அவுட் கொடுங்கள். கொடுக்காமல் விட்டு, வொர்க்கர் நடுவில் செத்துப்போனால் ஐந்து நிமிடம் பூட்டியே கிடக்கும்.