கதிர்காமக் காட்டுப் பாதை: ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,
நான் டொரன்டோவில இருக்கிறன். வாற வருசம் கதிர்காமத்துக்கு நடக்கப் போறன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதிக் கோயிலில இருந்து முழுக்க நடக்க லீவு இல்லை, கிழக்குக் கரையில உகந்தை முருகன் கோயிலடியில தொடங்கி காட்டு வழி மட்டும், ஐஞ்சு நாள். கூட்டத்தோட போனா அரோகரா சத்தத்தில காட்டின்ர அமைதி கிடைக்காது எண்டு தனியாப் போக யோசிக்கிறன். என்ன சப்பாத்து நல்லது? தண்ணிக்கு ஃபில்டர் போத்தில் காணுமோ?

அன்புள்ள தம்பி,

உம்மட கடிதம் வந்த நேரம் நானும் அந்தக் காட்டைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தன், ஆனி ஆடி வந்தா எனக்கு உள்ளங்கால் தானா அரிக்கும். சப்பாத்தை விடும், அது உம்மட கால், உம்மட காசு. முழுக்க நடக்கேல்லை எண்டும் கவலைப்படாதையும், ஒண்டரை மாசம் லீவு தர எந்த முதலாளிக்கு விசர்?

ஆனா அந்த "அமைதி" இருக்கே, அதிலதான் எனக்குக் கோவம் வந்தது. 1985இல இருந்து 2003 வரைக்கும் சண்டையால அந்தக் காட்டு வழியில கிடக்கிற குமண வனவிலங்குப் பூங்கா பூட்டிக் கிடந்தது. அப்ப நல்ல அமைதிதான். அதுவோ உமக்கு வேணும்?

நானும் 2014இல உம்மளை மாதிரித்தான், கூட்டத்தை விட்டிட்டு விறுவிறுவெண்டு முன்னால நடந்து கும்புக்கன் ஆத்துக்கு வந்திட்டன், குமணைக்கும் யால பூங்காவுக்கும் நடுவில எல்லை மாதிரிக் கிடக்கிற ஆறு, நான் நிண்ட இடத்தில பாதி மணல், தேங்கின தண்ணி தேத்தண்ணி நிறம், பக்கத்தில எருமைச் சாணி. விலை கூடின ஃபில்டர் போத்தில் ரெண்டு மிடறோட அடைச்சுப் போச்சு. பின்னால மட்டக்களப்புப் பக்கத்து மனுசி ஒராள், எழுபது வயசிருக்கும், தலையில மூட்டை, காலில செருப்புமில்லை, வந்து மணலில குந்தி சிரட்டையால கிண்டத் தொடங்கினா. முழங்கை ஆழத்தில கலங்கல் ஊறிச்சு, அள்ளி ஊத்தினா, திரும்ப ஊறினதையும் ஊத்தினா, நான் அவசரத்தில போத்திலை நீட்ட "பொறு மனே, தண்ணி வரட்டும், ஏன் பறக்காய்" எண்டு பேச்சு. மூண்டாந்தரம் கண்ணாடி மாதிரி வந்தது. குடிச்சிட்டு நான் காலால மணலைத் தள்ளி மூடப் போனன் (ஏன் மூடப் போனன் எண்டு இண்டைக்கும் விளங்கேல்லை), அப்ப வாங்கின ஏச்சு எனக்கெல்லோ தெரியும். பின்னால வாற சாமி என்னத்தைக் குடிக்கும் எண்டா. ராவில மான் மரையும் அதிலதான் வாய் வைக்குமாம். சுத்திவர நாலு தடியைக் குத்தி வைச்சிட்டுத்தான் எழும்பினா.

அதுக்குப் பிறகு நான் அவவுக்குப் பின்னாலதான் நடந்தனான். விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிட்டா அந்தக் கூட்டத்தில ஒருத்தரும் கதைக்கிறேல்லை தம்பி, முன்னால போறவையின்ர காலடிச் சத்தம் மட்டும் கேக்கும்.

போத்தில் காணுமோ எண்டு கேட்டிருந்தீர். ஒரு சிரட்டையும் கொண்டு போம். காட்டு வழி ரெண்டு கிழமை அளவிலதான் திறந்திருக்கும், கொடியேத்தத்தைப் பொறுத்துத் திகதி வருசா வருசம் மாறும், அறிவிக்க முந்தி டிக்கெட்டைப் போட்டிட்டுப் பிறகு எனக்கு அழுது எழுதாதையும்.