வீல் நட்டை இறுக்க ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்கலாமா?

ஸ்டெப்னி மாற்றிய பிறகு வீல் நட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும், ஸ்பேனர் மேல் ஏறி மிதிப்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். மிதிக்காதீர்கள். வாலாஜா அருகே ஒரு பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் அளவின்றி இறுக்கிய நட்டுகளோடு வேலூர் திரும்பிய நான், சில வாரங்கள் கழித்துப் பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் அவற்றைக் கழற்ற முயன்றபோது, ஒரு ஸ்டட் (நட்டு திருகப்படும் மரையுள்ள கம்பி) மரையோடு முறிந்து கையில் வந்தது. சித்திரை வெயிலில், மனைவியும் குழந்தையும் புளியமர நிழலில் காத்திருக்க, இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றோம்.

நட்டை இறுக்கும்போது ஸ்டட் இம்மியளவு நீள்கிறது. அது மீண்டும் சுருங்கப் பார்க்கும் இழுவிசைதான் சக்கரத்தை ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியோடு, சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. அளவு மீறி இறுக்கினால் ஸ்டட் நீண்டது நீண்டபடியே நின்று, பிடிப்பை இழக்கும். பிரேக் டிஸ்க்கும் கோணிக்கொள்ளலாம். பெரும்பாலான சிறிய கார்களுக்கு ஏறத்தாழ 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை போதும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு அதனுடன் வந்த கையேட்டில் இருக்கும். 70 கிலோ எடையுள்ளவர் 40 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் முறுக்கு விசை 270 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றும் முன்பே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஸ்டெப்னியை மாட்டும் முன் ஹப்பின் முகத்தில் படிந்த துருவையும் மண்ணையும் துடைத்துவிடுங்கள். மரையில் எண்ணெய் தடவ வேண்டாம். உராய்வு குறைவதால், அதே அளவு இறுக்கினாலும் ஸ்டட் அதிகமாக இழுபடும். நட்டின் கூம்பு முனை சக்கரத்தைப் பார்த்திருக்க, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகினால் மரை பிசகாது.

வண்டி ஜாக்கியில் நிற்கும்போது லேசாக இறுக்கினால் போதும். டயர் தரையைத் தொட்டு உருளாமல் நிற்கும் அளவுக்கு இறக்கிய பிறகே, டார்க் ரெஞ்சால் (வேண்டிய அளவைக் குறித்து வைத்து இறுக்கும் ஸ்பேனர்) இரண்டு மூன்று தவணையாக முழு அளவுக்கு இறுக்க வேண்டும். நான்கு நட்டு என்றால் ஒன்றை இறுக்கியதும் அதற்கு நேர் எதிரில் உள்ளதையும், ஐந்து என்றால் ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திரம் வரைவதுபோலவும் இறுக்குங்கள். வரிசையாகச் சுற்றி வந்தால் சக்கரம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். ரெஞ்ச் ‘டக்’ என்றதும் நிறுத்திவிடுங்கள்.

50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு, அதாவது வேலூரிலிருந்து கிளம்பினால் ஆம்பூர் தாண்டியதும், சக்கரம் ஆறியபின் எல்லா நட்டுகளையும் அதே அளவுக்கு ஒருமுறை சரிபாருங்கள்.