கறுப்பு டைல்ஸ் போட்டா நீச்சல் குளத்துத் தண்ணி சூடா இருக்குமா, இல்ல கவர் வாங்கணுமா?

பொள்ளாச்சி பக்கம் தோப்புக்குள்ள 8 மீட்டருக்கு 4 மீட்டர்ல பூல் கட்டுறோம், ஹீட்டர் வைக்கல, கறுப்பு டைல்ஸ் போட்டா தண்ணி வெதுவெதுப்பா இருக்குமா, தண்ணி மேல விரிச்சு மூடற கவருக்கு செலவு பண்றது வேஸ்ட்டான்னு கேட்டிருக்கீங்க. கோயமுத்தூர் சுத்தி பூல் மெயின்டனன்ஸ் பாக்குறவன் நான். டைல்ஸ் கலர கண்ணுக்குப் புடிச்ச மாதிரி எடுங்க, சூட்டுக்காக எடுக்காதீங்க, காசு போடறதா இருந்தா கவர்ல போடுங்க.

கறுப்பு சட்டை வெயில்ல சுடுதே, பூலும் அப்படித்தானன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. ஆனா டைல்ஸ் மேல நாலடி தண்ணி நிக்குதுங்களே. வெயில்ல கிட்டத்தட்ட பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, அத தண்ணியே முழுங்கிடும், அதுல பெரும்பங்கு மேலாப்புல சில சென்டிமீட்டருக்குள்ளயே முடிஞ்சிடும். மிச்சம் இருக்கற வெளிச்சம்தான் தரை வரைக்கும் போகுது, வெள்ளைத் தரைன்னா அதுல ஒரு பங்கு திரும்பி வெளிய போயிடும், கறுப்புன்னா தரை இழுத்து தண்ணிக்கே குடுத்துடும். அதனால வித்தியாசம் இல்லாம இல்ல, ஒரு டிகிரி, மிஞ்சிப்போனா ரெண்டு. குழந்தைங்களுக்குன்னு ரெண்டடி ஆழத்துல கட்டினா மட்டும் கலர் இன்னும் கொஞ்சம் வேலை செய்யும், அங்க தண்ணியும் கம்மி, வெளிச்சமும் நல்லா அடி வரைக்கும் இறங்கும்.

நிஜமான விஷயம் ஆவியாதல். மண்பானைல தண்ணி எப்படி சில்லுனு ஆகுதோ அதேதான். 1 லிட்டர் தண்ணி ஆவியாப் போச்சுன்னா, அது கொண்டுபோற சூடு சுமார் 580 லிட்டர் தண்ணிய 1 டிகிரி குளிர வைக்கிற அளவு. உங்க பூல் சராசரியா 1.3 மீட்டர் ஆழம்னு வெச்சா 41,600 லிட்டர். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் மட்டம் இறங்கினா 160 லிட்டர் போச்சு, அதுலயே மொத்த பூலும் 2 டிகிரிக்கு மேல குளிர்ந்துடும், அதாவது பகல் முழுக்க வெயில் குடுத்த சூட்டுல பெரும்பாதி காலி. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்ற கணக்குலயும் பூல் இழக்கற சூட்டுல 70 சதவீதம் ஆவியாதலால தான். உங்க ஊருல இது இன்னும் மோசம், ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து சும்மா விடாது. சென்னைல காத்துலயே ஈரம் ஜாஸ்தி, அதனால அங்க பூல் அவ்வளவு சீக்கிரம் குளிராது.

கவர் இந்த ஆவியத்தான் தடுக்குது. வாங்கறப்ப லேசான நீலத்துல வெளிச்சம் போற பபிள் கவரா வாங்குங்க, குமிழ் இருக்கற பக்கம் கீழ, தண்ணியத் தொடணும். கறுப்பு கவர்தான் ஜாஸ்தி சூடாக்கும்னு கடைல சொல்லுவாங்க, நம்பாதீங்க, கவர்தான் கொதிக்கும், அந்த சூட்டுல ஒரு பங்கு மேல காத்துக்குப் போயிடும். வெளிச்சம் விடற பபிள் கவர் வெயில 5-15 சதவீதம்தான் குறைக்கும், வெளிச்சமே விடாத கவர் 20-40 சதவீதம் குறைச்சிடும். மார்கழி, தை ராத்திரிக்கு பபிள் கவர் போட்டாலே காலைல தொட்டுப் பாத்தா வித்தியாசம் தெரியும். தண்ணி ரொப்பற செலவும் கிளோரின் செலவும் குறையறது உபரி லாபம்.

ஆனா சித்திரை வைகாசில கதை அப்படியே திரும்பிக்கும். போட்டி நடத்தற பூல்ல தண்ணி 25ல இருந்து 28 டிகிரி வரைக்கும் இருக்கணும்பாங்க, கோடைல நம்ம திறந்த பூல் 30ஐ சாதாரணமா தாண்டும், அதுல நீச்சலடிச்சா வேர்க்கற மாதிரியே இருக்கும், பாசியும் புடிக்கும். அப்ப கவர சுருட்டி வெச்சிடுங்க, ராத்திரி பம்ப் ஓட்டி தண்ணி மேல இருந்து கொட்டற மாதிரி விடுங்க, பகல்ல பூலுக்கு மேல உயரமா நிழல்வலை கட்டுங்க.

கறுப்பு டைல்ஸ்க்கு வேற ரெண்டு தொந்தரவு இருக்கு. உங்க பக்கம் போர் தண்ணி உப்பு ஜாஸ்தி, தண்ணி மட்டத்துல வெள்ளையா உப்புக்கோடு படியும், கறுப்புல அது பளிச்சுனு தெரியும், தேய்ச்சுத் தேய்ச்சு கை போயிடும். இன்னொண்ணு, இதுதான் முக்கியம், அடில யாராவது மூழ்கிக் கெடந்தா இருட்டுக் கலர் தரைல சட்டுனு கண்ணுக்குத் தெரியாது, குழந்தைங்க வர்ற வீடுன்னா நான் வெளிர் நீலம்தான் சொல்லுவேன். அதே மாதிரி யார் இறங்கறதா இருந்தாலும் பபிள் கவர முழுசா எடுத்துடணும், பாதி சுருட்டிட்டு மீதில குளிக்கவே கூடாது, அடில மாட்டிக்கிட்டா மேல வர முடியாது.

உங்க பூல் தண்ணி ஓரத்துல வழியற ஓவர்ஃப்ளோ டைப்பா, மேல மிதக்கற குப்பைய இழுக்கற ஸ்கிம்மர் வெச்சதான்னு சொல்லல. ஓவர்ஃப்ளோன்னா வழியற இடத்துலயே நிறைய ஆவியாகும், கவர் அளவும் வேற மாதிரி எடுக்கணும், அத கமெண்ட்ல சொன்னீங்கன்னா கவர எப்படி வெட்டறதுன்னு சொல்றேன்.