மழையில் பார்த்த ஏரி

அன்புள்ள ஐயா,

பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பூக் கவிதையை எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேனோ! போன அக்டோபரில், மான்செஸ்டரில் இருக்கும் மகன் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு அழைத்துப்போனான். மூன்று நாளும் மழை. மலையெல்லாம் மேகத்துக்குள். வின்டர்மியர் ஏரிக்கரையில் பஸ் பஸ்ஸாகக் கூட்டம். பூ ஒன்றுகூட இல்லை. மகன் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். கவிஞர்கள் நம்மை ஏமாற்றிவிட்டார்களா?

— ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

முதலில் பூ விஷயம். டாஃபடில் மார்ச், ஏப்ரலில் பூப்பது. அக்டோபரில் அதைத் தேடியது, டுரியான் பழ சீசன் முடிந்தபின் அதற்குப் பேர்போன பாலிக் புலாவுக்குப் போன கதைதான்.

படத்தைப் பார்த்தேன். குடையோடு நிற்கிறீர்கள், ஏரிக்கு முதுகைக் காட்டி. சிரிப்பு வந்துவிட்டது, கோபிக்காதீர்கள். 1769 அக்டோபரில் அங்கே போன கவிஞர் தாமஸ் கிரேயும் இப்படித்தான் நின்றார். கையில் கறுப்புப் பூச்சுள்ள சின்னக் குவிகண்ணாடி. காட்சிக்கு முதுகு காட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் ஏரி ஓவியம்போலத் தெரிவதை ரசிப்பது அந்தக் காலத்து வழக்கம். அதைத் திறந்து பிடித்தபடியே ஒரு சேற்றுச் சந்தில் மல்லாந்து விழுந்து, விரல் முட்டியில் அடிபட்டதை அவரே எழுதியிருக்கிறார். 1778-இல் தாமஸ் வெஸ்ட் போட்ட வழிகாட்டி நூலோ, எந்தெந்த இடத்தில் நின்று பார்க்கவேண்டும் என்றே சொல்லிவிட்டது. இத்தனைக்கும் 1720களில் எழுத்தாளர் டேனியல் டீஃபோ அந்தப் பக்கத்து மலைகளைப் பயங்கரமான, ஒன்றுக்கும் உதவாத நிலமென்று எழுதியிருந்தார்.

வேர்ட்ஸ்வொர்த்தும் ஒரு வழிகாட்டி எழுதினார். 1810-இல் இன்னொருவரின் படத்தொகுப்புக்கு முன்னுரையாக, பெயர் போடாமல் வந்தது அது. பிறகு தனி நூலாகி நன்றாக விற்றது. அதைப் படித்து மகிழ்ந்த பாதிரியார் ஒருவர், 'நீங்கள் வேறு ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?' என்று அவரிடமே கேட்டாராம். இப்படி வழிகாட்டி எழுதி ஊரையே கூப்பிட்ட வேர்ட்ஸ்வொர்த், 1844-இல் வின்டர்மியருக்கு ரயில் போடக் கிளம்பியதும் கூட்டம் வந்து கெடுத்துவிடும் என்று பத்திரிகைக்கு எழுதி எதிர்த்தார். 1847-இல் ரயில் வந்துவிட்டது. நீங்கள் பார்த்த பஸ் கூட்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

ஏமாற்றினார்களா என்றால், ஒரு விஷயத்தில் ஆமாம். டாஃபடில் கவிதையில் 'தனியாக அலைந்தேன்' என்கிறாரே, அன்று அவர் தனியாக இல்லை. 1802 ஏப்ரல் 15, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை. கூடவே நடந்த தங்கை டோரதி அன்றைய குறிப்பில் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார்: பனிமூட்டம், மூச்சை அடைக்கும் காற்று, களைத்துப்போய்ப் பாசிபடிந்த கல்லைத் தலையணையாக்கிச் சாய்ந்திருக்கும் சில பூக்கள். அண்ணன் கவிதை எழுதியது இரண்டு வருஷம் கழித்துத்தான். என்னைக் கேட்டால், கல்லில் தலைவைத்த அந்தப் பூவுக்காக முழுக் கவிதையையும் விட்டுக்கொடுப்பேன். இத்தனை வருஷம் அதை நடத்திய உங்களுக்கு இது பிடிக்காது, தெரியும்.

அடுத்த முறை ஏப்ரல் நடுவில் அல்ஸ்வாட்டருக்குப் போங்கள். டோரதியின் அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போனால் போதும். அப்புறம், குடை. அன்று அவர்களும் மழையில் நனைந்துதான் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, சூடாகத் தண்ணீர் கலந்த ரம்மும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்தார்கள்.