அறிவியல் ஆய்வும் ஐந்து கிலோ அரிசியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயிர்வேதியியலில் முதுகலை முடித்த என் மகள் ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறாள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மருந்து ஆய்வு, நிறுவனங்களின் லாபக் கணக்குக்குள் போய்விட்டது. மற்றவர்கள் பதவி உயர்வுக்காகக் கட்டுரை எழுதுகிறார்கள். சமூக நன்மைக்கான ஆய்வு என்று இன்று ஒன்று உண்டா?

செல்வகுமார், திண்டுக்கல்

அன்புள்ள செல்வகுமார்,

உங்கள் மனக்குறையில் பாதி நியாயமானது. மீதிப் பாதியைப் பற்றிப் பேச, காசநோய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. காசநோய் கண்டவரைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்கவைப்பதே அன்றைய வழக்கம். நம் நாட்டு நோயாளிகளுக்கு அந்தப் படுக்கைகள் எந்த மூலைக்கும் காணாது. எனவே மையத்தினர் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறு பாதியினரை அவர்களுடைய நெரிசலான வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் வாரந்தோறும் வந்து மருந்து வாங்கிச் சென்றார்கள். மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த மருந்தை எண்ணிப் பார்ப்பார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று அறியச் சிறுநீரைச் சோதிப்பார்கள். ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் இந்த முடிவு வெளியான பிறகு உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறத் தொடங்கியது. ஏழை நோயாளி வேலையையும் குடும்பத்தையும் விட்டுப் போக வேண்டியதில்லை என்று நிறுவிய ஆய்வு அது.

நீங்கள் சொல்லும் லாபக் கணக்கும் இதே நோயில் உண்டு. 1960களில் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து வந்த பிறகு, புதிய வகை மருந்தான பெடாகுவிலின் அங்கீகாரம் பெற 2012 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள் என்பதே இந்த நீண்ட இடைவெளிக்கு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். வந்த மருந்துக்கும், அதன் ஓர் உப்பு வடிவத்தை (அதே மருந்தின் சற்றே மாறிய வேதி வடிவத்தை) காட்டி, காப்புரிமையை நீட்டிக்க முயன்றது அதைத் தயாரிக்கும் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம். அதை எதிர்த்து மனு கொடுத்த மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா திசிலேவும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய ஊசி மருந்தின் பக்க விளைவால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. இருந்தாலும், அந்த ஊசிகளின் தேவையைக் குறைத்த பெடாகுவிலின் மாத்திரையும் நவீன ஆய்வு தந்ததுதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில், அதே சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்று, 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்த ஆய்வில் இருக்கிறது. ஒரு பிரிவுக் குடும்பங்களில், நோயாளியுடன் வசித்த பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள்; சிறு குழந்தைகளுக்கு அதில் பாதி. மற்றக் குடும்பங்களோடு ஒப்பிட்டபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. அரிசிக்கும் பருப்புக்கும் யாரும் காப்புரிமை வாங்க முடியாது. ஆகவே இந்தக் கேள்வியை எந்த மருந்து நிறுவனமும் தன் பணத்தைப் போட்டுக் கேட்டிருக்காது. பொதுப்பணம் இருந்ததால் கேட்க முடிந்தது. உங்கள் கோபம், அந்தப் பணத்தைக் கூட்டச் சொல்லும் கோபமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

மகளைத் தடுக்காதீர்கள். ஆய்வு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த ஆய்வகத்தின் கேள்விகள் எந்த நோயாளியிடமிருந்து வருகின்றன, நிதி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சென்னை சேத்துப்பட்டுக்கு ஒருமுறை அழைத்துப்போங்கள். அந்தக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் அங்கேதான் இயங்குகிறது.

அன்புடன்.